வெந்தயம், சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ: ஏழு மாதம் விரலைக் குத்திப் பார்த்த கணக்கு

சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்த வாரத்திலேயே வீட்டுக்கு மருந்துகள் வரத் தொடங்கின. சித்தப்பா ஒரு கட்டு ஆவாரம்பூ கொண்டுவந்தார். எதிர்வீட்டு அக்கா நாவல்கொட்டைப் பொடி கொடுத்தார். பழைய அலுவலக நண்பர் ஒருவர் தினமும் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். "ஏப்பா, இங்கிலீஷ் மாத்திரை ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விடாது, இதைக் குடி, மூணே மாசம்" என்றார் சித்தப்பா. எல்லோருமே அன்போடு சொன்னவர்கள். அதனால் எதையும் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதேபோல, சோதிக்காமல் நம்பவும் முடியவில்லை.

நான் முப்பது வருடம் மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவன். ஒரு மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று புகார் வந்தால் முதலில் எங்கள் சோதனைக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம்தான் அந்த மீட்டரைத் தொடுவோம். சர்க்கரைக்கும் அதே வழியில் போகலாம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். அப்போது வெறும் வயிற்றில் 148, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 7.8. காலை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரைக்கான மாத்திரை, மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம்.

டாக்டரிடம் நோட்டைக் காட்டிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, நான்கு நிபந்தனை மட்டும் போட்டார். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் சோதிக்க வேண்டும். தொடங்கும் முன்பும் முடித்த பிறகும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கல்லீரல் பரிசோதனையும் எடுக்க வேண்டும். 70க்குக் கீழே ஒரு முறை போனாலும் உடனே அவரிடம் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது இதே வேலையில் இறங்குவதாக இருந்தால், இந்த நான்கும் இல்லாமல் இறங்காதீர்கள்.

முதல் வாரம் மருந்து எதையும் தொடவில்லை. குளுக்கோமீட்டரைத்தான் சோதித்தேன். ஒரே நாளில், பத்து நிமிடத்துக்குள், ஆறு ஸ்ட்ரிப். வந்த எண்கள்: 139, 146, 133, 141, 150, 136. உடம்பில் இருந்த சர்க்கரை அந்தப் பத்து நிமிடத்தில் 17 புள்ளி ஏறி இறங்கியிருக்காது. அவ்வளவும் கருவியின் ஆட்டம். இதைக் குறை என்றும் சொல்ல முடியாது. ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பே, 100க்கு மேலுள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முறை, ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மையான அளவு 140 என்றால் மீட்டர் 119 என்று காட்டினாலும் 161 என்று காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான்.

அப்புறம் கை. அது மாம்பழ சீசன். மனைவிக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குத்தினேன்: 227. பதறிப்போய் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பக்கத்து விரலில் குத்தினால் 144. விரலில் ஒட்டியிருந்த பழச் சர்க்கரையைத்தான் அந்த ஸ்ட்ரிப் அளந்திருக்கிறது. பழம் தொட்ட கைக்கு ஸ்பிரிட் பஞ்சு போதாது, தண்ணீரில் கழுவத்தான் வேண்டும். எத்தனை பேர் இப்படி ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மறுநாள் புது மருந்துக்கு ஓடியிருப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் வெறும் பதிவு மட்டும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்று. எட்டரைக்கு நான்கு இட்லி, ஒரு கரண்டி சாம்பார், ஒரு கரண்டி சட்னி. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. இட்லி எப்போதும் ஒரே தட்டில், ஒரே அளவு மாவில். மாலை அரை மணி நேரம் நடை. புதிதாக எந்த மருந்தும் இல்லை. அப்படியிருந்தும் காலை அளவு குறைந்தபட்சம் 127, அதிகபட்சம் 159. தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் ஏறியது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாளும் ஏறியது. ஒரு நாள் காரணமே தெரியாமல் இறங்கியது. இந்தப் பதினான்கு நாளின் சராசரி 142. சாப்பிட்ட பின் அளவு 185க்கும் 232க்கும் இடையில் ஆடியது, சராசரி 208.

இந்த ஏழு மாதத்தில் நான் கற்றதிலேயே பெரியது இந்த இரண்டு வாரத்தில்தான் கிடைத்தது. நான் சித்தப்பாவின் ஆவாரம்பூவை 159 வந்த நாளில் குடிக்கத் தொடங்கி, 127 வந்த நாளில் அளந்திருந்தால், "ஒரே வாரத்தில் 32 புள்ளி குறைந்தது" என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன், அதில் ஒரு சொல்லும் பொய்யாக இருந்திருக்காது. மனிதர்கள் புது மருந்தைத் தொடங்குவது சர்க்கரை மிகவும் ஏறிய நாளில்தான். உச்சத்தில் இருப்பது, எதுவும் செய்யாவிட்டாலும், கொஞ்சம் கீழே வரத்தான் செய்யும். அந்த இறக்கம் அப்போது கையில் இருந்த பொடியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

சரி, வெந்தயம். இதைத்தான் அதிக நாள் சோதித்தேன், காரணமும் உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த அளவைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 1990இல் வெளிவந்த ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளுக்கு 100 கிராம், சாப்பாட்டோடு சேர்த்து. பின்னால் வந்த ஆய்வுகளில் 25 கிராம். நம் வீட்டில் ஊறவைக்கும் ஒரு டீஸ்பூன் நான்கைந்து கிராம்தான் இருக்கும். "வெந்தயம் ஆராய்ச்சியில் நிரூபணம் ஆனது" என்று சொல்லும்போது, நிரூபித்த அளவு எது, நாம் விழுங்கும் அளவு எது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் வயிறு தாங்கியது 10 கிராம். சமையல் தராசில் நிறுத்து, இரவே ஊறவைத்து, காலையில் தண்ணீரோடு அரைத்து, இட்லிக்கு கால் மணி நேரம் முன்பு குடித்தேன். ஆனால் தினமும் இல்லை. காலையில் காசைச் சுண்டினோம், பூ விழுந்தால் வெந்தயம், தலை விழுந்தால் அதே அளவு வெறும் தண்ணீர். தலை விழுந்த நாட்களில் ஊறிய வெந்தயத்தை மனைவி தோசை மாவுக்கு எடுத்துக்கொண்டார். காசு எதற்கு என்றால், "இன்றைக்கு உடம்பு கனமாக இருக்கிறது, வெந்தயம் குடிப்போம்" என்று நாமே நாளைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு கோணிவிடும். 20 நாளில் பூ 11, தலை 9.

வெந்தயம் குடித்த நாட்களில் சாப்பிட்ட பின் சராசரி 183, குடிக்காத நாட்களில் 209. இடையில் 26 புள்ளி. குடித்தும் 204 வந்த நாள் உண்டு, குடிக்காமல் 186 வந்த நாளும் உண்டு, ஆகவே ஒரு நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இருபது நாளைச் சேர்த்து வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. வெறும் வயிற்று அளவில் மாற்றம் எதுவும் இல்லை.

பிறகு எட்டு நாள் அரைக்காமல், முழு வெந்தயமாக விழுங்கிப் பார்த்தேன். சராசரி 201. நாளுக்கு நாள் வரும் ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும் எண் அது. வெந்தயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது பொருந்திப் போகிறது. அதில் காலக்டோமன்னன் என்ற, தண்ணீரில் கரையும் நார் நிறைய இருக்கிறது. அரைத்த விழுதைக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள், கரண்டியைத் தூக்கினால் கூடவே கொழகொழவென்று எழும். அந்தக் கொழகொழப்புதான் வயிற்றில் உணவோடு கலந்து, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. தோலோடு முழுசாக விழுங்கினால் அந்த நார் வெளியே வருவதற்குள் இட்லி தாண்டிப் போய்விடுகிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். வெந்தயம் சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் பயன். இரவு படுக்கும் முன் விழுங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, அதே கொழகொழப்பு மாத்திரையையும் பிடித்து வைக்கலாம், அதனால் மற்ற மாத்திரைகளுக்கும் வெந்தயத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி விட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அளவு வெந்தயம் எடுக்கவே கூடாது. முதல் வாரம் வயிற்றில் காற்று அதிகம். வியர்வையில் வெந்தய வாசம் இன்றுவரை போகவில்லை.

அடுத்தது சிறுகுறிஞ்சான், சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வோம். எங்கள் திண்டுக்கல் பக்கம் வேலியோரங்களில் படரும் கொடி. பச்சை இலை இரண்டை ஒரு நிமிடம் நன்றாக மென்று, வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வைத்தேன். மணல். வாயில் மணலைப் போட்டால் எப்படி நெறுநெறுக்குமோ அப்படித்தான் இருந்தது, இனிப்பு துளிகூட இல்லை. வெல்லத்துக்கும் அதே கதை. உப்பு, புளிப்பு எல்லாம் அப்படியே தெரிந்தன. இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. கால் மணி, அரை மணி நேரத்தில் இனிப்பு திரும்பிவிட்டது. பேரக்குழந்தைகள் இதைப் பார்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள், ஆளுக்கு ஒரு துணுக்கு இலை கொடுத்தேன்.

இந்தச் செடிக்கு நம்மிடமே ஆராய்ச்சி வரலாறு உண்டு. 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலையிலிருந்து எடுத்த சாரத்தை நாளுக்கு 400 மில்லிகிராம் என்று 22 நோயாளிகளுக்கு, மாத்திரைகளோடு சேர்த்து 18 முதல் 20 மாதம் கொடுத்துப் பார்த்து, சர்க்கரை குறைந்தது என்றும் சிலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது என்றும் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான், யாருக்கு எது என்பதைக் குலுக்கிப் போட்டுப் பிரித்ததும் இல்லை, ஆனாலும் மதிக்க வேண்டிய உழைப்பு. நான் சாப்பிட்டது சாரம் இல்லை, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இலைப்பொடி, நாளுக்கு இரண்டு வேளை ஒரு டீஸ்பூன், மூன்று வாரம். காலைச் சராசரி முன்பு 141, இப்போது 138. மீட்டரின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு இந்த மூன்று புள்ளிக்கு நான் எந்தப் பெயரும் வைக்க மாட்டேன்.

ஆனால் நோட்டின் ஓரத்தில் வேறொரு குறிப்பு இருக்கிறது. மாலை நான்கு மணிக்குத் தேநீரோடு எனக்கு இரண்டு பிஸ்கட் வேண்டும், நாற்பது வருடப் பழக்கம். நாலு மணிக்கு முன்னால் பச்சை இலையை மென்ற நாட்களில் பிஸ்கட் மாவுக்கட்டியாக இருந்தது, கை தானாகவே போகவில்லை. பதினைந்து நாளில் அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. ரத்தத்தில் அது என்ன செய்ததோ, நாக்கில் செய்ததை நான் நேரில் பார்த்தேன்.

ஆவாரம்பூவில் நான் ஏமாறப் பார்த்தேன். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம், பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ. காலை ஆறரைக்குக் குடிக்கும் பால் தேநீரை விட்டுவிட்டு, காய்ந்த ஆவாரம்பூ கொதிக்க வைத்த தண்ணீரைக் குடித்தேன். சித்தப்பா காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் பார்ப்பார் என்பதால், எட்டேகாலுக்கும் ஒரு முறை அளந்தேன். முதல் வாரமே அந்த எட்டேகால் அளவு முந்தைய நாட்களைவிட 22 புள்ளி குறைந்தது. சித்தப்பாவிடம் போனில் சொல்லியும்விட்டேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. ஆவாரம்பூ உள்ளே வந்த அதே நாளில், பாலும் ஒரு ஸ்பூன் சீனியும் வெளியே போயிருக்கின்றன. மறுவாரம் ஆவாரம்பூவும் இல்லாமல், தேநீரும் இல்லாமல், வெறும் வெந்நீர் மட்டும் குடித்தேன். எட்டேகால் அளவு ஆவாரம்பூ வாரத்துக்கு இரண்டு புள்ளி வித்தியாசத்தில் நின்றது. குறைத்தது ஆவாரம்பூ இல்லை, குடிக்காமல் விட்ட தேநீர். கிரீன் டீ, இலவங்கப்பட்டைத் தண்ணீர் என்று எந்தப் பானத்தை யார் மெச்சினாலும், அதற்கு முன் அந்த நேரத்தில் என்ன குடித்தீர்கள் என்றுதான் இப்போது கேட்கிறேன். (இலவங்கப்பட்டை குடிக்கிறவர்கள் கவனிக்க: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த காசியா பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம், நாள்பட அதிக அளவில் எடுத்தால் கல்லீரலுக்கு ஆகாது. மெல்லிய சுருள்களாக வரும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு.)

இதைச் சித்த மருத்துவத்தின் மேல் தீர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்த வைத்தியர் மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, கொடுக்கும் ஆவாரைக் குடிநீர் வேறு. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேர்த்துக் காய்ச்சுவது. பூவை மட்டும் கொதிக்க வைத்துவிட்டு அதன் பெயரில் நான் பேச முடியாது. அதை முறையாக எடுக்க விரும்புகிறவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்துக்குப் போய், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் காட்டிக் கேட்கலாம்.

பாகற்காய்ச் சாறு ஐந்து நாளோடு நின்றது. வயிற்றுப்போக்கு. சோதனை முடியாததால் என் நோட்டில் பாகற்காய்க்கு எண் கிடையாது. காயாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன், பிடிக்கும் என்பதால். பாகற்காய் மருந்தாகும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு மறுஆய்வும் முடித்திருக்கிறது. சுரைக்காய்ச் சாறு குடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிடுங்கள். கசந்த சுரைக்காய்ச் சாறு உயிரையே எடுத்திருக்கிறது.

என் மைத்துனனுக்கு நடந்ததை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன். அவனும் சர்க்கரைக்காரன், கிளிமெபிரைடு என்ற மாத்திரை சாப்பிடுகிறவன். ஒரு நாள் போன் செய்தான். "மாமா, நீங்க என்னவோ மாசக்கணக்கா குத்திக்கிட்டு இருக்கீங்க, எனக்கு நாலே நாள்ல 210லேர்ந்து 98." சந்தையில் யாரோ விற்ற சூரணம். பொட்டலத்தில் பெயர் இல்லை, உரிமம் எண் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இத்தனை மாதத்தில் எந்த இலையும் பூவும் நான்கு நாளில் அப்படி இறக்கி நான் பார்க்கவில்லை. அதை உடனே நிறுத்தச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையோடு பொட்டலம் தீர்ந்துவிடும், தீரட்டும் என்றான்.

சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அவன் மனைவி அழைத்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டால் சம்பந்தமில்லாத பதில். அளந்தால் 52. விழுங்கும் நிலையில் இருந்ததால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் 74. அதோடு விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னது நல்லதாகப் போயிற்று, ஒரு மணி நேரத்தில் மறுபடி 60க்கு இறங்கியது, மறுநாள் மதியம் வரை குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்த வகை மாத்திரைகள் கணையத்திலிருந்து இன்சுலினைத் தொடர்ந்து கசக்கி வெளியே தள்ளுபவை, ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு அடங்காது. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

பொட்டலம் அதற்குள் குப்பையில் போய்விட்டது, சோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் உள்ளே இன்னது இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூலிகை என்ற பெயரில் விற்ற பொருட்களுக்குள், கிளிமெபிரைடு வகையையே சேர்ந்த கிளிபென்கிளமைடு மாத்திரையை அரைத்துக் கலந்திருந்ததை உலகில் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. 2008இல் சிங்கப்பூரில் அப்படிப்பட்ட கலப்படத்தால் உயிர்களே போயின. ஏற்கெனவே கிளிமெபிரைடு சாப்பிடுகிறவன் வயிற்றில் அப்படியொன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூலிகை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று நம் பெரியவர்களே சொல்வார்கள். மாத்திரை வேகத்தில் இறக்கும் சூரணத்தைக் கண்டு பயப்படுங்கள்.

இதைச் சொன்ன பிறகு சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப செடியிலயே மருந்து இல்லைங்கிறியா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இருக்கிறது, நான் தினமும் சாப்பிடும் மெட்ஃபார்மினின் வேரே ஒரு செடியில்தான் என்றேன். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை நீரிழிவுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதிலிருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சும் கூட. அதே வழியில் தேடிப் போய், நஞ்சு குறைந்த உறவுப் பொருளைச் செய்து, அளந்து, 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மனிதர்களுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். அந்தச் செடி அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக உலகம் முழுவதும் சோதிக்கப்பட்டு, ஒவ்வொரு மாத்திரையிலும் இத்தனை மில்லிகிராம் என்று எழுதி என் கைக்கு வந்திருக்கிறது. சித்தப்பா மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஏழு மாத முடிவில் ஹெச்பிஏ1சி 7.1. கிரியாட்டினினும் கல்லீரலும் தொடக்கத்தில் இருந்தபடியே. 7.8இலிருந்து வந்த இந்த 0.7இல் வெந்தயத்துக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, விட்டுப்போன பிஸ்கட்டுக்கும் தேநீர்ச் சீனிக்கும் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. தினமும் அளக்கிறவன் சாப்பாட்டிலும் கவனமாகிவிடுகிறான், அதுவும் இதில் சேர்ந்திருக்கும். டாக்டர் மாத்திரையை அதே அளவில் தொடரச் சொன்னார்.

வெந்தயம் மட்டும் என் காலைச் சாப்பாட்டில் தங்கிவிட்டது. ஊறவைத்து அரைத்து, 10 கிராம். நோட்டில் அடுத்த பக்கத்துக்குத் தலைப்புப் போட்டாயிற்று: கோவைக்காய். கோவைச் செடியின் சாரத்தை வைத்து பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், யாருக்கு எது என்று தெரியாதபடி பிரித்து 90 நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சாரம் சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்று அளவு 16 சதவீதம் குறைந்திருக்கிறது. என்னிடம் சாரம் இல்லை, கொல்லையில் கொடி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டாயிற்று. ஸ்ட்ரிப் டப்பா புதிதாக ஒன்று வாங்க வேண்டும், பழையதைத் திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது.